டேவ் கோசாவைப் பின்தொடர்ந்து 33 இன்னிங்ஸ்: மைனர் லீக் ஆட்டத்தில் ஒரே ஆட்டக்காரரைக் கவனிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மைனர் லீக் பேஸ்பால் ஆட்டத்தை ரசிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒன்று உண்டு. ஒரே ஒரு ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, தொடக்கம் முதல் முடிவு வரை அவர்மீதே கண் வைத்திருக்க வேண்டும். அது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது 1981-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், பாட்டக்கெட் நகரின் மெக்காய் மைதானத்தில் நடந்த ஆட்டத்தை. தொழில்முறை பேஸ்பாலில் அதைவிட நீண்ட ஆட்டம் நடந்ததில்லை. அதில் பாட்டக்கெட் அணிக்காக முதல் பேஸில் தடுப்பாட்டக்காரராக நின்ற டேவ் கோசாதான் இந்தப் பக்கத்தின் நாயகர்.

மைனர் லீக் என்பது என்ன? இரண்டாம்தரப் போட்டியா?

இரண்டாம்தரம் என்று ஒதுக்கினால் பாதியைத் தவறவிடுவீர்கள். மேஜர் லீக்கில் உள்ள 30 அணிகள் ஒவ்வொன்றுக்கும் கீழே, இளைஞர்களைப் பக்குவப்படுத்தும் அணிகள் படிப்படியாக இருக்கின்றன. 2021-இல் செய்த மாற்றத்துக்குப் பிறகு சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என நான்கு நிலைகளில் மொத்தம் 120 அணிகள். டிரிபிள்-ஏ என்பது மேஜர் லீக்கின் வாசற்படி. பாட்டக்கெட் ரெட் சாக்ஸ் அப்போது பாஸ்டன் ரெட் சாக்ஸின் டிரிபிள்-ஏ அணியாக இருந்தது. அன்று எதிரணியாக வந்த ராச்செஸ்டர் ரெட் விங்ஸ், அப்போது பால்டிமோர் ஓரியோல்ஸின் டிரிபிள்-ஏ அணி. இரண்டும் இன்டர்நேஷனல் லீக்கில் ஆடின.

இங்கே அணி வெல்வதைவிட, ஆட்டக்காரர் மேலே போகத் தகுதியானவரா என்பதே பெரிய கேள்வி. தலைமை அணியின் ஆட்கள் பார்ப்பதும் அதைத்தான். ரசிகரும் அப்படியே பார்த்தால் ஆட்டத்தின் உள்ளே போய்விடலாம்.

ஏன் ஒரே ஆட்டக்காரர்? ஆட்டத்தையே பார்த்தால் போதாதா?

பந்தை மட்டும் தொடரும் கண்ணுக்கு, ஒருவர் ஆடியதெல்லாம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். அவர் பேட் பிடிக்க வருவார், அவுட் ஆவார், மறைந்துவிடுவார். மறுபடி வரும்போது முன்பு என்ன நடந்தது என்பதே நமக்கு நினைவிருக்காது. ஆனால் அவருக்கு இருக்கும். முதல் முறை வெளிப்பக்கம் வந்த பந்துக்கு ஏமாந்தவர், இரண்டாம் முறை அதே பந்துக்காகக் காத்திருக்கிறாரா? அடி கிடைக்காமல் போன பிறகு அடுத்த அரை இன்னிங்ஸில் தடுப்பாட்டத்தில் மனம் தளர்கிறாரா? இந்தத் தொடர்ச்சியைப் பிடித்துவிட்டால், மறுநாள் செய்தித்தாளில் ஒரே வரியாக வரும் அவருடைய எண்களுக்குப் பின்னால் இருக்கும் மனிதர் தெரிவார்.

பெரிய பெயர்கள் அந்த ஆட்டத்தில் இருந்தார்களாமே? கோசா எதற்கு?

இருந்தார்கள். பாட்டக்கெட்டின் மூன்றாம் பேஸில் 22 வயது வேட் பாக்ஸ். ராச்செஸ்டரின் மூன்றாம் பேஸில் 20 வயது கால் ரிப்கன் ஜூனியர். பாக்ஸ் 2005-இலும் ரிப்கன் 2007-இலும் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்கள்.

ஆனால் அன்றைய ஆட்டத்தில் அவர்களைவிட அதிகம் அடித்தவர் கோசா. ஆட்டத்தை முடித்துவைத்தவரும் அவரே. மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவரும் அவரே. மைனர் லீக் எப்படிப்பட்ட இடம் என்பதை அறிய இவரைவிடப் பொருத்தமானவர் எனக்குத் தெரியவில்லை.

பேஸ்பால் விதிகள் தெரியாது. பின்தொடர முடியுமா?

கிரிக்கெட் பார்ப்பவருக்குப் பத்து நிமிடம் போதும். ஒன்பது பேர் குறிப்பிட்ட வரிசையில் பேட் செய்வார்கள். பந்தெறிபவர் பிட்சர். பேஸ் என்பது ஓடித் தொட வேண்டிய மூலை; மொத்தம் நான்கு, கடைசியானது பேட் செய்யும் இடமான ஹோம் பிளேட். அதற்குச் சுற்றி வந்தால் ஒரு ரன். அடித்து பேஸை எட்டினால் அது ஹிட்: முதல் பேஸ்வரை என்றால் சிங்கிள், இரண்டாம் பேஸ்வரை என்றால் டபுள், நான்கையும் சுற்றினால் ஹோம் ரன். மூன்று பேர் அவுட் ஆனால் அரை இன்னிங்ஸ் முடிந்தது, எதிரணி வரும். வரிசை விட்ட இடத்திலிருந்து தொடரும். இப்படி ஒன்பது இன்னிங்ஸ். சமநிலை என்றால் டிரா கிடையாது. ஒரு அணி முந்தும்வரை கூடுதல் இன்னிங்ஸ். சொந்த ஊர் அணி எப்போதும் இரண்டாவதாக பேட் செய்யும் என்பதால், கூடுதல் இன்னிங்ஸில் அது ஒரு ரன் முந்தினாலே ஆட்டம் அந்த இடத்தில் முடிந்துவிடும்.

ஸ்கோர் தாளில் ஒருவருடைய வரியை எப்படிப் படிப்பது?

பேஸ்பால் ரசிகர்கள் கையில் பென்சிலும் ஸ்கோர் தாளுமாக உட்காருவதைப் பார்த்திருப்பீர்கள். தாளில் ஆட்டக்காரருக்கு ஒரு கிடைவரி, இன்னிங்ஸுக்கு ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் நான்கு பேஸ்களைக் குறிக்கும் சிறிய வைர வடிவம் இருக்கும். பேட்டர் முதல் பேஸை எட்டினால் வைரத்தின் ஒரு பக்கத்தைக் கோடிட வேண்டும். முழுச் சுற்றும் வந்து ரன் எடுத்தால் வைரத்தையே நிழலிட்டு நிரப்புவது வழக்கம். தடுப்பாட்டக்காரர்களுக்கு எண்கள் உண்டு: பிட்சர் 1, கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிப்பவர்) 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்பவர்) 6, இடமிருந்து வலமாக அவுட்ஃபீல்டர்கள் (தொலைவில் நிற்பவர்கள்) 7, 8, 9. கட்டத்தில் 6-3 என்று எழுதியிருந்தால், தரையோடு உருண்ட பந்தை ஷார்ட்ஸ்டாப் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து பேட்டரை அவுட் ஆக்கினார் என்று பொருள்.

இதில் கோசா ஒரு 3. எதிரணித் தாளில் 6-3, 5-3, 4-3 என்று வரும் ஒவ்வொரு முறையும் பந்து போய்ச் சேர்ந்த கை முதல் பேஸ்காரருடையது. அவருடைய வரியை மட்டுமல்லாமல் எதிரணியின் தாளையும் படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பாட்டக்கெட்டின் பேட்டிங் வரிசையில் கோசா ஐந்தாவது. அவருக்கு முன்னால் பேட்டிங்குக்கு மட்டும் நிறுத்தப்பட்ட ரஸ் லாரிபி, பின்னால் பாக்ஸ். இந்த இருவரையும் நினைவில் வையுங்கள். ஒருவருடைய ஆட்டத்தை அவருக்கு முன்னும் பின்னும் நிற்பவர்களைப் பார்க்காமல் புரிந்துகொள்ள முடியாது.

அவர் பேட் செய்யாத நேரத்தில் எதைப் பார்ப்பது?

கால்களைப் பாருங்கள். முதல் பேஸ்காரர் ஒரு காலை பேஸில் ஊன்றி, மறு காலை எறிபவரை நோக்கி நீட்டி, பந்து வரும் திசைக்குக் கடைசி நொடியில் வளைகிறார். எறி தரையில் குத்தி எழும்பினால் அதை அள்ளி எடுப்பது அவர் வேலை. அதைச் செய்துவிட்டால் பெயர் எறிந்தவருக்கு. தவறவிட்டால் தலைகுனிவு இருவருக்கும். எதிரணி ஓட்டக்காரர் முதல் பேஸில் நின்றால் அவரைக் கட்டிப்போட பேஸை ஒட்டியே நிற்க வேண்டும். பிட்சர் பந்தை எறிந்ததும் விருட்டென்று விலகித் தன் இடத்தைக் காக்க வேண்டும். அவுட்ஃபீல்டிலிருந்து ஹோம் பிளேட்டுக்கு எறி வரும்போது பெரும்பாலும் நடுவழியில் நின்று, பந்தை வெட்டிப் பிடிப்பதா விட்டுவிடுவதா என்று முடிவெடுப்பவரும் அவரே.

அன்றைய ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து 60 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனார்கள், அதாவது பந்தைச் சரியாக அடிக்காமலே அவுட்; அதில் முதல் பேஸ்காரருக்குப் பெரும்பாலும் வேலை இல்லை. அப்படியிருந்தும் ஒரு முதல் பேஸ்காரருக்கு எத்தனை மணி நேரம் கவனம் குலையாமல் இருக்க வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆட்டம் ஏன் ஒன்பது இன்னிங்ஸில் முடியவில்லை?

1981 ஏப்ரல் 18, ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை. விளக்குக் கோளாறால் அரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. அரங்கில் 1,740 பேர். ஏழாவது இன்னிங்ஸில் ராச்செஸ்டர் ஒரு ரன் எடுத்தது. ஒன்பதாவதின் கடைசிப் பாதியில், லாரிபி உயரமாக அடித்துப் பிடிகொடுத்த பந்தில் சிகோ வாக்கர் ஓடிவந்து (பந்து பிடிபட்ட பிறகு பேஸில் நிற்பவர் ஓடலாம்) 1-1 என்று சமன்செய்தார்.

அதற்குப் பிறகு பதினோரு முழு இன்னிங்ஸ் ஒரு ரன்கூட இல்லை.

21-ஆவது இன்னிங்ஸில் என்ன நடந்தது?

ராச்செஸ்டரின் கேட்சர் டேவ் ஹப்பர்ட் அடித்த டபுளால் அந்த அணி 2-1 என்று முந்தியது. அந்த நேரத்தில் அதுவே முடிவு என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். பாட்டக்கெட்டின் முறை வந்தது. கோசா பேஸில் நிற்க, அவருக்கு அடுத்து வந்த பாக்ஸ் டபுள் அடித்தார். கோசா ஓடிவந்து ஹோம் பிளேட்டைத் தொட்டார். 2-2.

வரலாறு அதை பாக்ஸின் அடியாகவே நினைவில் வைத்திருக்கிறது. தவறில்லை. ஆனால் கோசாவைப் பின்தொடரும் நமக்கு அது வேறு காட்சி: நள்ளிரவு நேரத்தில், அத்தனை இன்னிங்ஸ் நின்று களைத்த கால்களோடு ஒருவர் பேஸை எட்டி, அங்கிருந்து முழு வேகத்தில் வீடுவரை ஓடினார். பாக்ஸின் அடி ரன்னாக மாறியது அந்த ஓட்டத்தால். ஒரே ஆட்டக்காரரைப் பார்ப்பதன் பயன் இப்படிப்பட்ட இடங்களில்தான் கைக்கு வருகிறது.

அடுத்த இன்னிங்ஸில் நடுவரோடு வாதிட்டதற்காக பாட்டக்கெட் மேலாளர் ஜோ மார்கன் வெளியேற்றப்பட்டார். புகழ்பெற்ற சின்சினாட்டி ஆட்டக்காரர் ஜோ மார்கன் வேறு, இவர் வேறு.

இவ்வளவு நேரம் ஆடவிட்டது யார்? விதி எதுவும் இல்லையா?

இருந்தது. இரவு 12:50-க்குப் பிறகு புதிய இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது என்பது அந்த லீக்கின் விதி. நடுவர்களிடம் இருந்த கையேட்டில் மட்டும் அந்த விதி விடுபட்டுப்போயிருந்தது. கையில் இருக்கும் விதிப்படி நடப்பதுதான் நடுவர் கடமை என்று அவர்கள் நின்றார்கள். லீக் தலைவர் ஹெரால்ட் கூப்பரைத் தொலைபேசியில் பிடிக்க வெகுநேரம் ஆனது. நடக்கும் இன்னிங்ஸோடு நிறுத்துங்கள் என்று அவர் சொன்ன பிறகே, 32-ஆவது இன்னிங்ஸின் முடிவில், ஞாயிறு விடியற்காலை 4:07 மணிக்கு ஆட்டம் நின்றது. அரங்கில் அப்போது மிச்சமிருந்தவர்கள் 19 பேர். அவர்களுக்கு அணி உரிமையாளர் பென் மாண்டர் சீசன் பாஸ் கொடுத்தார்.

அந்த நிலையில் ஒருவரின் ஆட்டத்தை எப்படி மதிப்பிடுவது?

முதலில் காற்றைக் கணக்கில் எடுங்கள். அன்று கடுங்குளிர், காற்றோ வெளியிலிருந்து மைதானத்துக்குள் வீசியது. 26-ஆவது இன்னிங்ஸில் பாட்டக்கெட்டின் சாம் போவன் அடித்த பந்து ஹோம் ரன் என்றே தோன்றியது. காற்று அதைத் திருப்பித் தள்ளிவிட்டது. ஆட்டக்காரர்கள் உடைந்த பேட்களைப் பீப்பாயில் போட்டு எரித்துக் குளிர்காய்ந்தார்கள். குளிரில் பேட்டின் தவறான பகுதியில் பந்து பட்டால் விரலெல்லாம் மரத்துப்போகும்.

அடுத்து, எதிரே பந்தெறிந்தவர். 23 முதல் 32 வரை பத்து இன்னிங்ஸ் ராச்செஸ்டருக்காக ஜிம் அம்பார்கர் எறிந்தார். ஒரு ரன் தரவில்லை. பதிலி பிட்சர் ஒருவர் பத்து இன்னிங்ஸ் எறிவது அபூர்வம். அதுவும் விடியும் நேரத்தில். அவர் எதிரே கோசாவும் தோழர்களும் திணறியதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

32-ஆவதின் முதல் பாதியில் ராச்செஸ்டர் கிட்டத்தட்ட வென்றுவிட்டது. சிங்கிள் ஒன்றில் இரண்டாம் பேஸிலிருந்து ஓடிவந்த ஜான் ஹேலை, போவன் அவுட்ஃபீல்டிலிருந்து எறிந்த எறி ஹோம் பிளேட்டில் மடக்கியது. அந்த எறி ஒரு அடி தள்ளி வந்திருந்தால் கோசாவின் பெயரை இன்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

33-ஆவது இன்னிங்ஸ் எப்போது நடந்தது?

இரண்டு மாதம் கழித்து, ஜூன் 23 அன்று. ராச்செஸ்டர் அணி மறுபடி பாட்டக்கெட்டுக்கு வரும்வரை காத்திருந்தார்கள். அதற்குள் மேஜர் லீக் ஆட்டக்காரர்கள் ஜூன் 12 முதல் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தார்கள். பெரிய ஆட்டங்கள் எதுவும் இல்லாததால், நாட்டின் பேஸ்பால் செய்தியாளர்களின் கவனமெல்லாம் இந்தச் சிறிய நகரத்துக்குத் திரும்பியது. 19 பேர் எஞ்சியிருந்த அரங்கில் இப்போது 5,746 பேர்.

பாட்டக்கெட்டின் பாப் ஒஹேடா முதல் பாதியில் ராச்செஸ்டருக்கு ரன் தரவில்லை. இரண்டாம் பாதியில் ஸ்டீவ் கிரில்லி எறிந்த பந்து மார்ட்டி பாரெட்டின் உடலில் பட்டது. அவருக்கு முதல் பேஸ் கிடைத்தது. வாக்கர் சிங்கிள் அடிக்க பாரெட் மூன்றாம் பேஸ்வரை ஓடினார். அடுத்தவர் லாரிபி. அடிக்க முடியாதபடி விலக்கிப் பந்தெறிந்து, அவரை வேண்டுமென்றே முதல் பேஸுக்கு நடக்கவிட்டு, மூன்று பேஸ்களையும் நிரப்பினார்கள். மூன்று பேஸ்களிலும் ஆள் இருந்தால் எந்த பேஸிலும் எளிதாக அவுட் எடுக்கலாம் என்பது கணக்கு.

லாரிபியை விட்டுவிட்டால் வருபவர் யார்? கோசா.

ராச்செஸ்டர் பிட்சரை மாற்றி கிளிஃப் ஸ்பெக்கை அனுப்பியது. கோசா இடதுபக்கம் சிங்கிள் அடித்தார். பாரெட் ஓடிவந்தார். 3-2. இரண்டாம் நாள் ஆட்டம் 18 நிமிடம். மொத்தம் 8 மணி 25 நிமிடம்.

14-க்கு 5 என்பது நல்ல எண்ணா?

கோசா 14 முறை பேட் செய்து 5 ஹிட் அடித்தார், சராசரி .357. பாக்ஸ் 12-க்கு 4. ரிப்கன் 13-க்கு 2. லாரிபி 11-க்கு ஒன்றுமில்லை, அதில் ஏழு ஸ்ட்ரைக் அவுட். ஆனாலும் ஒன்பதாவது இன்னிங்ஸில் அணியைக் காப்பாற்றியது அவர் அடித்த பந்துதான் என்பதை மறக்கக் கூடாது.

நான் மிகவும் விரும்பும் கணக்கு வேறு. பாட்டக்கெட் அணி மொத்தம் 114 முறை பேட் செய்து 21 ஹிட் அடித்தது. கோசாவை நீக்கிவிட்டுப் பாருங்கள்: மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து சரியாக 100 முறையில் 16 ஹிட். அதாவது .160. அந்தக் குளிரும் காற்றும் மற்றவர்களை அந்த நிலையில் வைத்திருந்தபோது, ஒருவர் மட்டும் .357 அடித்திருக்கிறார். அணியின் மூன்று ரன்களில் ஒன்றைத் தானே ஓடி எடுத்தார். இன்னொன்றை அடித்துக் கொண்டுவந்தார். ஒரு வரியில் அச்சாகும் 14, 1, 5, 1 என்ற நான்கு எண்கள் (பேட் செய்த முறை, எடுத்த ரன், ஹிட், அடித்துக் கொண்டுவந்த ரன்) இதைச் சொல்லாது. சுற்றியிருப்பவர்களின் எண்களோடு சேர்த்துப் படித்தால்தான் தெரியும்.

அப்படி ஆடியவர் ஏன் மேஜர் லீக்கை எட்டவில்லை?

ஒரு ஆட்டத்தை வைத்து யாரையும் மேலே அழைப்பதில்லை. அந்தக் காலத்தில் பாஸ்டனின் முதல் பேஸில் டோனி பெரெஸ் போன்ற பெரும்புள்ளி இருந்தார். டிரிபிள்-ஏ-யில் இருக்கும் முதல் பேஸ்காரருக்கு மேலே ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது. அது நிரம்பியிருந்தால் காத்திருக்க வேண்டும், காத்திருக்கும்போதே வயது ஏறும், கீழிருந்து அடுத்த இளைஞர் வருவார்.

இதை அநீதி என்று சொல்வோர் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் மேலே போகாததால் அவர் ஆட்டம் குறைந்தது என்று சொல்வதை ஏற்க மாட்டேன். அதே ஆட்டத்தில் 13-க்கு 2 அடித்த ரிப்கன், மறு ஆண்டே அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுகமாகத் தேர்வானார். பிறகு 2,632 ஆட்டங்கள் இடைவிடாமல் ஆடிச் சாதனை படைத்தார். இருவருடைய அந்த ஒரு ஆட்டத்தை மட்டும் வைத்து அவர்களின் எதிர்காலத்தை யாராலும் சொல்லியிருக்க முடியாது. ஒரு ஆட்டத்தில் ஒருவரைப் பின்தொடர்வது, அந்த ஆட்டத்தில் அவர் செய்ததை முழுதாக அறிவதற்கு. ஆரூடம் சொல்வதற்கு அல்ல.

இப்படி ஒரு ஆட்டம் இனி நடக்குமா?

நடக்காது என்றே சொல்லலாம். 2018 முதல் மைனர் லீக்கில் கூடுதல் இன்னிங்ஸ் ஒவ்வொன்றும் இரண்டாம் பேஸில் ஓர் ஓட்டக்காரரோடு தொடங்குகிறது. ரன் வருவது எளிதாகிவிட்டது. பெரும்பாலும் ஓரிரு இன்னிங்ஸில் முடிந்துவிடும். பிட்சர்களின் தோள்களைக் காக்க இது தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மேஜர் லீக்கிலேயே மிக நீண்ட ஆட்டம் 26 இன்னிங்ஸ்தான். 1920-இல் புரூக்ளினும் பாஸ்டனும் ஆடிய அது, இருட்டிவிட்டதால் 1-1 என்று முடிவில்லாமல் நின்றது.

பாட்டக்கெட் அணி 2021-இல் மாசசூசெட்ஸின் வுஸ்டர் நகருக்குப் போய்விட்டது.

இன்றைய மைனர் லீக் ஆட்டத்தில் ஒருவரைப் பின்தொடர என்ன செய்ய வேண்டும்?

மைனர் லீக்கின் அதிகாரபூர்வ இணையதளத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பந்துக்குப் பந்து விவரம் வருகிறது. ஆட்டக்காரரின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் அவருடைய எண்கள் தனியே கிடைக்கும். கோடைக்காலத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இந்தியாவில் விடியற்காலை 4:30-க்கு வரும்.

அதோடு நிற்காமல் ஒரு தாளும் பென்சிலும் எடுத்து, அவருடைய ஒரே ஒரு வரியை மட்டும் கையால் எழுதிப் பாருங்கள். ஹிட், அவுட் மட்டும் போதாது. எத்தனை பந்துகளை எதிர்கொண்டார், எந்தப் பந்துக்கு விசிறினார், அப்போது பேஸில் யார் நின்றார்கள் என்பதையும் குறியுங்கள். மூன்றாம் முறை அவர் பேட் பிடிக்க வரும்போது, முதல் இரண்டு கட்டங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு நிமிருங்கள். பிட்சர் என்ன எறியப்போகிறார் என்று நீங்களே ஊகிக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

அதே ஆட்டத்தை வேறு ஒருவரை வைத்துப் பார்க்க ஆசை. யாரைத் தேர்ந்தெடுக்கலாம்?

டேவ் ஹப்பர்ட் என்பேன். ராச்செஸ்டரின் கேட்சரான அவர் 31 இன்னிங்ஸ் குந்தி உட்கார்ந்து பந்து பிடித்தார். பேட்டிங் மட்டும் பார்க்க விரும்பினால் அதே அணியின் டாலஸ் வில்லியம்ஸ்: 13 முறை, ஒரு ஹிட்கூட இல்லை. அடி விழாத ஒருவர் பதின்மூன்றாம் முறையும் பேட்டை எடுத்துக்கொண்டு வருவதைக் கவனிக்கத் தனிப் பொறுமை வேண்டும். கோசாவின் வரியைப் படித்துப் பழகிய பிறகு அவரிடம் போங்கள்.